நாய்களை எண்ணிவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்: கிரேஹவுண்ட் பந்தய மானியக் கணக்குகளைப் படிக்கும் முறை

அயர்லாந்து நாடாளுமன்றத்தில் நிதிநிலை அறிக்கை முடிந்த சில வாரங்களில் ஒரு சிறு தீர்மானம் வரும். குதிரை மற்றும் கிரேஹவுண்ட் (வேகமாக ஓடும் ஒல்லியான நாயினம்) பந்தய நிதியின் உச்சவரம்பை உயர்த்த அவையின் ஒப்புதலைக் கேட்கும் தீர்மானம் அது. 2019ஆம் ஆண்டுக்கு இந்த நிதி 8.4 கோடி யூரோ. 2021இல் 9.6 கோடி. 2025இல் 9.91 கோடி. ஒவ்வொரு முறையும் இதில் ஐந்தில் ஒரு பங்கு நாய்ப் பந்தயத்துக்குப் போகிறது. அதாவது 1.68 கோடி யூரோவாக இருந்த நாய்களின் பங்கு ஆறே ஆண்டுகளில் 1.98 கோடியாகிவிட்டது. இதே காலத்தில் அரங்குகள் மூடப்பட்டன, விளம்பர ஆதரவாளர்கள் விலகினார்கள். பார்வையாளர் எண்ணிக்கையோ 2008 நிதி நெருக்கடிக்கு முந்தைய நிலையில் பாதிகூட இல்லாமல் போயிருந்தது.

தொழில் இறங்கும்போது பணம் மட்டும் எப்படி ஏறுகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் பல நாடுகளின் பந்தயக் கணக்குகளைப் படித்துப் பார்த்ததில் எங்களுக்குத் தெளிவானவற்றை இங்கே எழுதுகிறோம். எந்தத் தொழிலாக இருந்தாலும், நலிந்துகொண்டிருக்கும் ஒன்றுக்குப் பொதுப்பணம் போவதைக் கண்காணிப்பவர்களுக்கு இவை உதவும்.

பணம் எந்த வழியாக வருகிறது

முதலில் சட்டத்தைப் படிக்க வேண்டும், ஆண்டறிக்கையை அப்புறம் பார்க்கலாம். அயர்லாந்தில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் போர்ட் நா கான் என்ற வாரியம் உருவானது. 2020 முதல் அது வேறு பெயரில் இயங்குகிறது, தலைமையகம் லிமரிக் நகரில். பந்தயங்களுக்கு உரிமம் தருவது, சில அரங்குகளைச் சொந்தமாக நடத்துவது, டோட் பந்தயம் (எல்லாரும் கட்டும் பணத்தைத் திரட்டி, வென்றவர்களுக்குப் பிரித்துத் தரும் முறை) நடத்துவது, நாய்களின் நலனைக் கண்காணிப்பது என எல்லாம் அந்த ஒரே வாரியத்தின் பொறுப்பு. தொழிலை வளர்க்க வேண்டிய கையும் அதைக் கண்டிக்க வேண்டிய கையும் ஒரே உடம்பில் இருப்பதை மனத்தில் வைத்துக்கொண்டே மற்றவற்றைப் படிக்க வேண்டும்.

2001ஆம் ஆண்டின் குதிரை மற்றும் கிரேஹவுண்ட் பந்தயச் சட்டம்தான் இன்றைய நிதிக்கு அடிப்படை. அதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, நிதியின் அளவு பந்தய வரியோடு இணைத்துப் பேசப்படுகிறது. இரண்டு, கிடைக்கும் தொகையில் 80 சதவீதம் குதிரைக்கு, 20 சதவீதம் நாய்க்கு என்ற விகிதம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அந்த 20 சதவீதத்தில்தான் எங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. நாய்ப் பந்தயத்துக்கு எவ்வளவு தேவை என்று எவரும் கணக்கிட்டு இந்தத் தொகையை வைப்பதில்லை. குதிரைப் பந்தயம் அயர்லாந்தில் பெரிய ஏற்றுமதித் தொழில். அதற்குக் கூடுதல் பணம் தர அரசு நினைக்கும்போதெல்லாம், ஒவ்வொரு 4 யூரோவுக்கும் 1 யூரோ தானாகவே நாய்ப் பக்கம் வந்துவிடுகிறது. குதிரைக்கு வாக்களிக்க விரும்பும் உறுப்பினர் நாய்க்கும் வாக்களித்தே ஆக வேண்டும். இரண்டையும் பிரித்துத் தனித்தனியே வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்ற கோரிக்கை ஆண்டுதோறும் எழுவது இதனால்தான். எங்களைக் கேட்டால், மற்ற எல்லாச் சீர்திருத்தத்துக்கும் முன்பு செய்ய வேண்டியது இந்தப் பிரிப்புதான். அது நடக்காதவரை நாய்ப் பந்தயத்தின் தகுதியைப் பற்றிய விவாதம் குதிரையின் நிழலிலேயே முடிந்துவிடும்.

அடுத்து, ‘இது வரிப்பணமே இல்லை, பந்தயம் கட்டுகிறவர்கள் தரும் பணம்தான் அவர்களுக்கே திரும்பி வருகிறது’ என்ற வாதம். இதைச் சரிபார்க்க அந்த வரி எதன்மீது விழுகிறது என்று பார்த்தால் போதும். அயர்லாந்தில் பந்தய வரி 2019 ஜனவரி முதல் 2 சதவீதம், அதற்கு முன்பு 1 சதவீதம். பந்தயக் கடைகளிலும், 2015 முதல் இணையத்திலும், எதன்மீது பணம் கட்டினாலும் இந்த வரி உண்டு. கால்பந்து, குதிரை, டென்னிஸ் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் ஓடுபாதையிலேயே நின்று புக்கியிடம் (பந்தயப் பணம் வாங்குபவரிடம்) கட்டும் பணத்துக்கு இந்த வரி இல்லை. ஆக, டப்ளினின் ஷெல்போர்ன் பார்க் அரங்குக்கு வந்து நாயின்மீது பணம் கட்டுகிறவர் இந்த வரியைத் தருவதில்லை, வீட்டிலிருந்தபடி கால்பந்துக்குக் கட்டுகிறவர் தருகிறார். வரி வந்த பிறகு அது அரசின் கருவூலப் பணம். அதை மருத்துவமனைக்குத் தரலாம், சூதாட்ட அடிமைகளின் சிகிச்சைக்குத் தரலாம், நாய்ப் பந்தயத்துக்கும் தரலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது அரசின் முடிவு.

ஆண்டறிக்கையை எங்கிருந்து தொடங்குவது

முன்பக்கத்துத் தலைவர் உரையை விட்டுவிடுங்கள். நேராக வருமானக் குறிப்புகளுக்குப் போய், அரசுத் தொகையைத் தனியே ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே டோட் வருமானம், நுழைவுக் கட்டணம், உணவகம், விளம்பர ஆதரவு, உரிமக் கட்டணம், நேரலை ஒளிபரப்பு உரிமை எனத் தொழில் தானே ஈட்டுவதை எழுதுங்கள். பிறகு செலவுப் பக்கத்தில் பரிசுத்தொகையைத் தேடுங்கள். பரிசுத்தொகையையும் அரசுத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். பரிசுத்தொகை என்பது நாய் உரிமையாளர்களின் கைக்குப் போகும் பணம். அதைக் குறைத்தால் உரிமையாளர்கள் நாய் வாங்குவதைக் குறைப்பார்கள், பந்தயத்தில் ஓட நாய் கிடைக்காது. அதனால் வேறு எதைக் குறைத்தாலும் அதை மட்டும் எந்த வாரியமும் எளிதில் குறைப்பதில்லை.

ஒளிபரப்பு வருமானத்தைக் கவனமாகப் பார்க்கச் சொல்வோம். பல அரங்குகளில் பகல் நேரத்துப் பந்தயங்கள் பார்வையாளருக்காக நடத்தப்படுவதே இல்லை. பிரிட்டனின் பந்தயக் கடைகளிலும் இணையத்திலும் நேரலையாகக் காட்டிப் பணம் கட்ட வைப்பதற்காகவே நடக்கின்றன. காலி இருக்கைகளுக்கு முன்னால் ஆறு நாய்கள் ஏறத்தாழ அரை நிமிடம் ஓடும், கால் மணி நேரத்தில் அடுத்த பந்தயம். எனவே ‘அரங்குக்கு ஆள் வருவதில்லை, தொழில் தானே செத்துவிடும்’ என்று காத்திருப்பது தப்புக் கணக்கு. ஆள் வராமலேயே பந்தயங்களின் எண்ணிக்கையைக் கூட்ட முடியும். எண்ணிக்கை கூடினால் நாய்களும் காயங்களும் கூடும்.

பிறகு சொத்தும் கடனும். 2010இல் லிமரிக்கில் புதிய அரங்கு கட்டப்பட்டது. அதற்கு வாங்கிய கடன் பெரிய பங்காக இருக்க, வாரியத்தின் மொத்தக் கடன் 2 கோடி யூரோவைத் தாண்டியது. அதை அடைக்க 2014இல் இண்டிகான் என்ற பொருளாதார ஆலோசனை நிறுவனம் சொன்ன வழிகளில் ஒன்று, டப்ளினின் ஹரால்ட்ஸ் கிராஸ் அரங்கை விற்பது. 2017 பிப்ரவரியில் அந்த அரங்கு திடீரென மூடப்பட்டது. நிலத்தைக் கல்வித்துறை 2.3 கோடி யூரோவுக்கு வாங்கியது. அரசு உதவியில் நிற்கும் ஒரு வாரியத்தின் கடன் இன்னொரு அரசுத் துறையின் பணத்தால் தீர்ந்தது என்பதைக் கவனியுங்கள். மானியத் தலைப்பில் இந்தத் தொகை தெரியவே தெரியாது. பொதுப்பணம் எவ்வளவு போனது என்று கணக்கிடும்போது நிலப் பரிமாற்றங்களையும் சேர்க்க வேண்டும். எங்கும் எளிதில் விட்டுப்போகும் கணக்கு இது.

ஹரால்ட்ஸ் கிராஸ் இன்னொன்றையும் காட்டியது. முன்கூட்டிப் பேசாமல் மூடியதால் டப்ளின் உரிமையாளர்களும் வளர்ப்பாளர்களும் போராட்டத்தில் இறங்க, ஷெல்போர்ன் பார்க்கில் பந்தயங்கள் தடைப்பட்டன. மூடுவதென்றால் தேதியும் ஈட்டுத்தொகையும் நாய்களுக்கான இடமும் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் சண்டை அதைச் சுற்றியே நடக்கும்.

2019இல் அதே இண்டிகான் நிறுவனம் அரங்குகளைப் பற்றி மறுபடி ஆய்வு செய்து லிஃபோர்ட், லாங்ஃபோர்ட், என்னிஸ்கார்த்தி, யால் ஆகிய நான்கும் தேவையில்லை என்றது. தொழிலே அளித்த பணத்தில் செய்த ஆய்வும் இத்தனை அரங்குகளைத் தாங்க முடியாது என்றுதான் சொல்லியது.

வேலைவாய்ப்பு அறிக்கைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். ‘இத்தனை ஆயிரம் பேர் பிழைக்கிறார்கள்’ என்ற எண் வந்தால் மூன்றைப் பாருங்கள். முழுநேரமும் பகுதிநேரமும் ஒன்றாகக் கூட்டப்பட்டிருக்கிறதா? நாய் வளர்ப்பை வாரக் கடைசிப் பொழுதுபோக்காக வைத்திருப்பவரும் அந்த எண்ணுக்குள் இருக்கிறாரா? இந்தப் பணம் இங்கே செலவாகாவிட்டால் அதே ஊரில் வேறெங்கே செலவாகியிருக்கும் என்று அறிக்கை கேட்டிருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு விடை தரும் அறிக்கையை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். அதற்காக, நாட்டுப்புறத்தில் தலைமுறையாக நாய் வளர்க்கும் குடும்பங்கள் பொய் என்று ஆகிவிடாது. அவர்களின் இழப்பு மெய்யானது, அதைத் தனியே கணக்கிட்டு நேர்மையாக ஈடுசெய்ய வேண்டும்.

நாய்க் கணக்கு

பணக் கணக்கு எப்படியும் தணிக்கைக்குப் போகும். நாய்களின் கணக்கைத்தான் நீண்ட காலம் எவரும் கேட்கவில்லை.

ஒரு நாயின் வாழ்க்கையை எண்களாக வைத்துப் பாருங்கள். ஓர் ஈற்றில் ஆறேழு குட்டிகள். காதில் பச்சைக் குத்தி, கிளான்மெல்லில் இருக்கும் அயர்லாந்து வேட்டைநாய்ச் சங்கத்தின் வம்சப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். ஒன்றேகால் வயதளவில் தகுதி ஓட்டம். வழக்கமான தூரம் 525 கெஜம். குறித்த நேரத்துக்குள் ஓடாத நாய்க்குப் பந்தயத்தில் இடமில்லை. தேறியவை மூன்று, நான்கு வயது வரை ஓடும். அதன்பின் ஓய்வு. கிரேஹவுண்டின் ஆயுளோ 12 முதல் 14 ஆண்டுகள். ஆக, நன்றாக ஓடிய நாய்க்கும் வாழ்நாளில் பெரும்பகுதி ஓட்டத்துக்குப் பிந்தையதுதான். தேறாத நாய்க்கு ஏறக்குறைய முழு வாழ்நாளும் மிச்சம்.

இப்போது நான்கு எண்களைக் கேளுங்கள்: ஓர் ஆண்டில் பிறந்தவை, பந்தயத்துக்குத் தேறியவை, வெளிநாட்டுக்குப் போனவை, வீடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவை. முதல் எண்ணிலிருந்து கணக்கில் உள்ளவற்றைக் கழித்தால் மிஞ்சுவது எங்கே போனது என்று கேட்க வேண்டும். இந்தக் கழித்தலைத்தான் 2019 ஜூனில் அயர்லாந்தின் அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ செய்து காட்டியது. வாரியமே 2017இல் ஒரு நிறுவனத்தை வைத்து எழுதி வாங்கிய அறிக்கை அதற்குக் கிடைத்திருந்தது. ஆண்டுக்குச் சுமார் 16,000 குட்டிகள் பிறக்கின்றன, வேகம் போதாது என்ற காரணத்துக்காக ஏறத்தாழ 6,000 நாய்கள் கொல்லப்படுகின்றன என்பது அந்த அறிக்கையின் மதிப்பீடு. வாரியம் அந்த எண்ணை ஏற்கவில்லை. ஆனால் மாற்று எண்ணை நிரூபிக்கும் பதிவேடும் அப்போது அதன் கையில் இல்லை. 1958 முதல் இயங்கும் ஓர் அமைப்பு, ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் அரசுப் பணம் வாங்கிய அமைப்பு, தன் நாய்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று சொல்ல முடியாமல் நின்றது. எங்களை மிகவும் வருத்தியது இதுதான்.

அதன்பிறகு மாற்றம் வந்தது. 2019 சட்டத்தின் அடிப்படையில் 2021 முதல் நாய் பிறந்தது முதல் அதன் இடமாற்றங்களைத் தொடரும் மின்பதிவு முறை நடைமுறைக்கு வந்தது. நுழைவுக் கட்டணம், டோட், விளம்பர ஆதரவு ஆகியவற்றில் ஒரு பங்கைக் கொண்டு நாய்ப் பராமரிப்பு நிதியும் உருவானது. இவை நல்லவை. ஆனால் வரிசையைப் பாருங்கள்: 2001 முதல் பணம், 2021 முதல் பதிவேடு. இருபது ஆண்டுகள் நிபந்தனையில்லாமல் போன பணம் அது.

பதிவேட்டைப் படிக்கும்போது இரண்டு ஓட்டைகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ‘உரிமை மாற்றம்’ என்று பதிவாகும் நாய். பெயர் மாறியதற்குப் பதிவு இருக்கும், நாய் இருப்பதற்குச் சான்று இருக்காது. குறிப்பிட்ட இடைவெளியில் மைக்ரோசிப்பை நேரில் வருடிப் பார்க்கும் சோதனை இருந்தால்தான் அந்தப் பதிவுக்கு மதிப்பு. இரண்டு, ஏற்றுமதி. பிரிட்டனில் ஓடும் நாய்களில் மிகப் பெரும்பான்மை அயர்லாந்தில் பிறந்தவை. கடல் தாண்டியதும் அயர்லாந்தின் கணக்கில் அது முடிந்த கதை, பிரிட்டனின் கணக்கில் புதுக் கதை. அயர்லாந்து மானியம் தரும் தொழிலின் முக்கியமான விளைபொருள் அயர்லாந்தில் ஓடுவதில்லை என்பதைப் பணம் ஒதுக்கும் விவாதத்தில் எத்தனை பேர் சொல்கிறார்கள்?

பிரிட்டனில் நேரடி அரசு மானியம் இல்லை. புக்கிகள் தாமாக முன்வந்து நாய்ப் பந்தய வரவில் 0.6 சதவீதம் தருவது வழக்கம். ஆனாலும் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. 2018 முதல் அங்கே பந்தயத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பு காயங்களின், சாவுகளின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிட்டது. சிகிச்சைச் செலவுக்கு உதவித் திட்டம் ஒன்றும் வந்தது. 2020இல் இன்னொரு திட்டம்: நாயைப் பதிவு செய்யும்போதே 400 பவுண்டு வைப்புத்தொகை, உரிமையாளர் பாதி, அமைப்பு பாதி. ஓய்வுக்குப்பின் அந்த நாயை ஏற்கும் காப்பகத்துக்கு அது போய்ச் சேரும். ‘சிகிச்சைச் செலவு கட்டுப்படியாகாது’ என்று கொல்லப்பட்ட நாய்கள் 2018இல் 175. சில ஆண்டுகளில் அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. எண்ணை வெளியிடுவதும், பணத்தை நாயின் தலையோடு கட்டிவைப்பதும் வேலை செய்கின்றன. ஓடுபாதையில் நேரும் சாவுகள் அந்த அளவுக்குக் குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாதுகாப்புக்கென்று ஒதுக்கினால்

ஏன் குறையவில்லை என்பதற்கு ஓடுபாதையின் வடிவமே காரணம். நாய்கள் இடப்புறமாக வளைந்து, மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும் வேகத்தில் ஓடுகின்றன. ஓட்டம் தொடங்கும் பெட்டியின் கதவு திறந்து முதல் வளைவை எட்டும்போது எல்லா நாய்களும் உள்விளிம்புக்கு முண்டியடிக்கும். மோதல் அங்கேதான் அதிகம். மோதாமல் ஓடினாலும் வளைவில் பாரம் ஒரே பக்கம் ஏறிக்கொண்டே இருப்பதால் வலது பின்னங்காலின் கணுக்கால் மூட்டில் உள்ள நடு எலும்பு முறிகிறது. கால்நடை மருத்துவப் பாடங்களில் கிரேஹவுண்டின் பெயரோடு வரும் முறிவு அது. திருகாணி வைத்துச் சரிசெய்ய முடியும், நாய் பிழைத்து நடக்கும். பந்தயத்துக்குத் திரும்புவதுதான் நிச்சயமில்லை. செலவு செய்ய உரிமையாளர் தயங்குவதும் அந்த இடத்தில்தான்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2016 ஜூலையில் தடை அறிவித்து, அக்டோபரிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அதன்பின் ஓடுபாதைகளைச் சீராக்க 3 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கியது. சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2017இல் தந்த பரிந்துரைகள் தெளிவாக இருந்தன: வளைவில்லாத நேர்ப்பாதை, எட்டுக்குப் பதில் ஆறு நாய்கள், நாய்கள் துரத்தும் இயந்திர முயல் உள்விளிம்பை ஒட்டாமல் பாதையின் நடுப்பக்கம் தள்ளி ஓடுமாறு நீட்டிய கம்பி. பாதுகாப்பு நிதி என்று ஒரு தொகையைக் கண்டால் அது இந்த மூன்றில் எதற்குப் போனது என்று கேளுங்கள். விளக்குக்கும் பார்வையாளர் கூடத்துக்கும் வாகன நிறுத்தத்துக்கும் போன பணம் எந்த நாயின் காலையும் காப்பாற்றாது. எட்டு நாயை ஆறாக்குவதற்குக் கட்டுமானச் செலவே கிடையாது. ஆனால் பந்தயக்காரருக்குத் தேர்வுகள் குறையும், வரவு குறையும். தயக்கம் அதனால்தான் என்பது எங்கள் கணிப்பு.

மானியம் வேறு உருவத்தில் வரும்போது

அமெரிக்காவில் கருவூலத்திலிருந்து பணம் நேராகப் போகாமல், சட்டத்தின் மூலம் சூதாட்ட விடுதியிலிருந்து திருப்பிவிடப்பட்டது. புளோரிடாவில் நாய்ப் பந்தயம் நடத்தினால்தான் சீட்டாட்டக் கூடம் நடத்தலாம் என்று சட்டம் இருந்தது. கூடத்தில் லாபம், ஓடுபாதையில் நட்டம். ஆனாலும் ஓட்டியே ஆக வேண்டும். மாநிலம் அமர்த்திய ஸ்பெக்ட்ரம் என்ற ஆலோசனை நிறுவனம் 2013இல் கணக்குப் பார்த்தபோது, நாய்ப் பந்தயத்திலிருந்து வரும் வருமானத்தைவிட அதைக் கண்காணிக்க ஆகும் செலவு ஆண்டுக்கு 10 லட்சம் முதல் 33 லட்சம் டாலர் வரை அதிகம் என்று தெரிந்தது. மேற்பார்வைச் செலவையும் மானியமாகவே எழுத வேண்டும் என்று இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். ஆய்வாளர், மருந்துச் சோதனைக்கூடம், உரிம அலுவலகம் எல்லாம் வேறு துறையின் தலைப்பில் மறைந்திருக்கும். 2018 நவம்பரில் வாக்காளர்களில் 69 சதவீதம் பேர் தடைக்கு ஆதரவளித்தார்கள். 2020 முடிவோடு அங்கே ஓட்டம் நின்றது.

மேற்கு வர்ஜீனியாவில் இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை. வீலிங்கிலும் சார்ல்ஸ்டன் அருகிலும் இரண்டு ஓடுபாதைகள். சூதாட்ட விடுதி நடத்தப் பந்தயம் கட்டாயம். விடுதி வருமானத்தில் ஒரு பங்கு பரிசுத்தொகைக்கும் நாய் வளர்ப்பு நிதிக்கும் போகிறது. 2017இல் வளர்ப்பு நிதியை நிறுத்தும் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியும் ஆளுநர் மறுத்துவிட்டார். 2020இல் அதேபோன்ற மசோதா செனட்டில் தோற்றது. மற்ற மாநிலங்கள் எல்லாம் கைவிட்ட பிறகு எஞ்சிய நாய்களும் பயிற்சியாளர்களும் பணம் இருக்கும் இந்த ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு பகுதியில் மட்டும் மானியம் எஞ்சினால் தொழில் அங்கே குவியும்.

அயோவா இந்தப் பிணைப்பை விலை கொடுத்து வெட்டியது. 2014 சட்டப்படி கவுன்சில் பிளஃப்ஸ் விடுதி 6.5 கோடி டாலரும் டுபியூக் விடுதி 70 லட்சம் டாலரும் ஏழு ஆண்டுகளில் தர வேண்டும், பதிலுக்குப் பந்தயம் நடத்தும் கட்டாயத்திலிருந்து விடுதலை. கவுன்சில் பிளஃப்ஸ் ஓடுபாதை 2015 முடிவில் மூடப்பட்டது. டுபியூக்கை வளர்ப்பாளர் சங்கமே எடுத்து நடத்தியது. தவணைகள் முடிந்ததும் 2022 மே மாதம் அதுவும் நின்றது. இந்தத் தொகை பெரிதா என்றால் பெரிதுதான். ஆனால் முடிவுத் தேதி உள்ள பெரிய தொகையை முடிவில்லாத சிறிய தொகையைவிட நாங்கள் எப்போதும் மேலானதாகவே கருதுகிறோம்.

மூடும்போது என்ன தவறும்

சீனாவின் மக்காவு நகரில் தவறியது. கனிட்ரோம் அரங்கு 2018 ஜூலையில் மூடப்பட்டது. இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று 2016லேயே அரசு சொல்லியிருந்தும், கடைசி நாளில் 533 நாய்கள் கூண்டுகளில் இருந்தன. அவற்றுக்கான திட்டம் நடத்துநரிடம் இல்லை. அரசு பொறுப்பேற்க, அனிமா என்ற விலங்குநல அமைப்பு முன்னின்று இத்தாலி, பிரிட்டன், அமெரிக்கா என நாடுநாடாக வீடு தேடியது. இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தும் நாய்களின் எண்ணிக்கை குறையும்படி எந்த நிபந்தனையும் வைக்கப்படாததே கோளாறு.

நியூசிலாந்து இதைவிடத் தெளிவாகச் செய்தது. 2024 டிசம்பர் 10 அன்று தடை அறிவிப்பு வந்தது, ஓட்டம் நிற்கும் தேதி 2026 ஆகஸ்ட் 1 என்று சொல்லப்பட்டது. இடையில் இருபது மாதங்கள், வீடு தேட வேண்டிய நாய்கள் சுமார் 2,900. அறிவிப்பைக் கேட்டதும் உரிமையாளர்கள் நாய்களைக் கொன்றுவிடக்கூடாது என்பதற்காக, பொருளாதாரக் காரணத்துக்காகக் கொல்வதைத் தடுக்கும் மசோதாவை அவசர முறையில் உடனே நிறைவேற்றினார்கள். இந்த வரிசை மிக முக்கியம். தடையை அறிவித்துவிட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளினால் இடைவெளியில் நாய்கள் சாகும்.

ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதி இன்னும் சிறியது, ஒரே ஓடுபாதை. 2018இல் தடை நடைமுறைக்கு வந்தபோது, தொழிலில் இருந்தவர்களுக்கு வேலை மாற்றப் பயிற்சியும் மனநல உதவியும் நாய்களை வீடு சேர்க்க உதவியும் கொண்ட ஒரு திட்டத்தை அரசு கூடவே வைத்தது. டாஸ்மேனியா வேறு வழி எடுத்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் அதன் முதல்வர், 2029 ஜூனில் பந்தய நிதி ஒப்பந்தம் முடிவதோடு நாய்ப் பந்தயத்துக்குப் பணம் நிற்கும் என்றார். ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தத்தின் கடைசி நாளையே முடிவு நாளாக வைத்தால் ஈட்டுத்தொகை வழக்குகளுக்கு இடம் குறையும். ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று முதலில் பாருங்கள் என்போம்.

வீடு தேடும் வேலைக்கு ஆகும் காலத்தையும் பணத்தையும் அரசுகள் குறைத்தே மதிப்பிடுகின்றன. பந்தய நாய் கூண்டில் வளர்ந்தது. மாடிப்படி தெரியாது, கண்ணாடிக் கதவு தெரியாது, பூனையைக் கண்டால் துரத்தும். ஒவ்வொன்றையும் சிறு விலங்குகளோடு வைத்துச் சோதித்து, முகக்கூடு போட்டுப் பழக்கி, பிறகே ஒரு வீட்டில் விட முடியும். பல் நோய் பரவலாக இருப்பதால் மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். உடலில் கொழுப்பு மிகக் குறைவு என்பதாலும் ஈரல் சில மருந்துகளை மெதுவாகவே சிதைக்கும் என்பதாலும் தயோபென்டோன் போன்ற மயக்க மருந்து இந்த இனத்துக்கு ஆகாது, மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கருத்தடை, தடுப்பூசி, சிப் விவரம் மாற்றுதல் எல்லாம் சேர்ந்து ஒரு நாய்க்கு வாரங்கள் பிடிக்கும், சிலவற்றுக்கு மாதங்கள். ஆகவே கணக்கு இப்படிப் போட வேண்டும்: காப்பகங்கள் ஒரு மாதத்தில் ஏற்கக்கூடிய எண்ணிக்கையால் மொத்த நாய்களை வகுத்தால் தேவையான மாதங்கள் வரும். அந்த மாதங்களைவிட அவகாசம் குறைவாக இருந்தால் தேதியைத் தள்ளலாம், அல்லது காப்பகங்களுக்கு முன்பணம் கொடுத்து இடத்தைப் பெருக்கலாம். இனப்பெருக்கத்தை அறிவிப்பு நாளிலேயே நிறுத்தாவிட்டால் வகுபடும் எண் வளர்ந்துகொண்டே போகும், கணக்கு முடியாது.

அயர்லாந்தில் அடுத்த ஒதுக்கீட்டுக்கு முன் உறுப்பினர்களிடம் வைக்கக்கூடிய நிபந்தனைகள் இவை. நாய்க்கும் குதிரைக்கும் தனித் தீர்மானம். ஒதுக்கீட்டுக்கு முன்பே பிறப்பு, தகுதி, ஏற்றுமதி, தத்து, சாவு ஆகிய ஐந்து எண்களும் அவையில் வைக்கப்பட வேண்டும். பதிவேட்டை வாரியத்துக்கு வெளியே உள்ள ஒருவர் நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். பரிசுத்தொகைக்குப் போகும் அரசுப் பங்கு ஆண்டுதோறும் குறைந்து, குறைந்த அளவு நாய்களின் ஓய்வுக்கால நிதிக்கு மாற வேண்டும். ஆண்டுப் பதிவுக் குட்டிகளுக்கு உச்சவரம்பு வேண்டும். ஏற்றுமதியாகும் ஒவ்வொரு நாய்க்கும் ஏற்றுமதியாளர் வைப்புத்தொகை கட்ட வேண்டும், நாய் அங்கே ஓய்வுபெற்று வீடு சேர்ந்த சான்று வந்தால்தான் அது திரும்பக் கிடைக்க வேண்டும். இந்த ஆறில் கடைசியை மட்டுமாவது முதல் ஆண்டிலேயே பெற முடிந்தால் எத்தனை குட்டிகளைப் பிறப்பிப்பது என்ற முடிவை வளர்ப்பாளரே மாற்றிக்கொள்வார், ஏனென்றால் இன்று அவருக்கு எந்தச் செலவும் இல்லாத ஒரு விஷயத்துக்கு அன்று விலை வந்துவிடும்.